அரசியல் பேசும் மாணவர்களிடம் கட்டற்ற மென்பொருளைக் கொண்டுபோவது எப்படி: தன்னார்வலர்களுக்கான முழுமையான வழிகாட்டி

அரசியல் ஆர்வமுள்ள மாணவர்களிடம் கட்டற்ற மென்பொருள் (யாரும் பயன்படுத்தவும் படிக்கவும் மாற்றவும் பகிரவும் உரிமை தரும் மென்பொருள்) பற்றிப் பேசுவது சுலபம் என்று நினைத்துத்தான் பெரும்பாலான தன்னார்வலர்கள் கிளம்புகிறார்கள். உரிமை, ஏகபோகம், பொதுச்சொத்து எல்லாம் அந்த மாணவர்கள் தினமும் புழங்கும் சொற்கள். சொன்னவுடன் புரிந்துவிடும் என்று எண்ணுகிறோம். புரிந்தும் விடுகிறது, கைதட்டவும் செய்கிறார்கள். அடுத்த மாதம் போய்ப் பார்த்தால் ஒருவர் கணினியிலும் எதுவும் மாறியிருக்காது.

வாசிப்பு வட்டம், மாணவர் அமைப்பு, கல்லூரித் தமிழ்மன்றம் என்று தமிழ்நாட்டில் சில ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவருகிறேன். புதிதாக வருகிறவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு விஷயம் தெரியும். வரிசைதான் தவறிவிடுகிறது. கொள்கையை முதலில் வைத்து, வேலையைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். இந்த வழிகாட்டியில் அதைத் திருப்பிப் போட்டிருக்கிறேன்: மாணவர்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலை முதலில், கொள்கை நடுவில், கணினியின் இயங்குதளத்தை (விண்டோஸிலிருந்து லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்துக்கு) மாற்றுவது கடைசியில்.

1. போகும் முன் அவர்கள் வேலையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பே அந்தக் குழுவில் இரண்டு பேரிடம் பேசிவிடுங்கள். ஒருவர் பொறுப்பாளர். இன்னொருவர் நோட்டீஸ் தட்டச்சு செய்பவராகவோ, போஸ்டர் போடுபவராகவோ, கணக்கு எழுதுபவராகவோ இருக்க வேண்டும். பொறுப்பாளர், "டிஜிட்டல் ஏகபோகம் பத்தி ஒரு மணி நேரம் பேசுங்க தோழர்" என்பார். தட்டச்சு செய்பவர்தான், "போன வருஷ நோட்டீஸ் ஃபைல் டிடிபி கடைல மாட்டிக்கிச்சு, ஒரு வரி திருத்தணும்னாலும் அங்கதான் போகணும்" என்பார். உங்களுக்கு வேண்டியது இந்த இரண்டாவது பதில்.

அவர்களிடம் நான் கேட்பவை இவை. கடைசியாக அடித்த துண்டறிக்கையை யார், எதில் செய்தார்கள்? அந்தக் கோப்பு இப்போது யாரிடம் இருக்கிறது? உறுப்பினர் பட்டியல் யாருடைய கணக்கில் கிடக்கிறது? எத்தனை பேரிடம் மடிக்கணினி உண்டு, எத்தனை பேரிடம் கைபேசி மட்டும்தான்? கடைசிக் கேள்வியைக் கேட்காமல் போய்விடாதீர்கள். கலைக் கல்லூரிகளில் முப்பது பேர் வந்தால் மடிக்கணினி ஐந்தோ ஆறோதான் இருக்கும். அதுவும் அக்காவுக்கோ அண்ணனுக்கோ பள்ளியில் கொடுத்த அரசு மடிக்கணினியாக இருக்கலாம்.

கேட்டுவிட்டு, அந்தக் குழுவின் ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். கூட்டம் முழுக்க அந்த வேலையைச் சுற்றியே நடக்க வேண்டும். பத்து மென்பொருளின் பெயரைச் சொன்னால் ஒன்றும் மனதில் நிற்காது. தங்கள் நோட்டீஸ் தங்கள் கண்முன் ஒழுங்காவதைப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது.

இங்கே அடிக்கடி நடக்கும் ஒரு பிழை: குழுவின் கொள்கைக்கு ஏற்றபடி பேச்சை வளைப்பது. இடதுசாரி மாணவர்களிடம் "லினக்ஸ்தான் உண்மையான பொதுவுடைமை" என்பது, தமிழ்த்தேசியம் பேசுவோரிடம் "இது நம்ம மென்பொருள்" என்பது. தங்கள் கோட்பாடு அவர்களுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். மூன்றாவது நிமிடத்தில் ஒருவர் எழுந்து அந்த ஒப்பீட்டைப் பிரித்துப் போட்டுவிடுவார். மீதி நேரம் அந்த விவாதத்திலேயே போய்விடும். எல்லாக் குழுக்களிடமும் ஒரே விஷயத்தைச் சொல்லுங்கள். நாளைக்கு எதிர்த் தரப்பு மாணவர்கள் கூப்பிட்டாலும் போவேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதனால் யாரும் கோபித்துக்கொண்டதில்லை, மரியாதைதான் கூடியிருக்கிறது.

2. இடம், நேரம், ஆள்

கல்லூரிக் கணினி ஆய்வகம் கிடைத்தால் நல்லது என்று தோன்றும். ஆனால் அங்குள்ள கணினிகளில் எதையும் நிறுவ அனுமதி இருக்காது, கடவுச்சொல் ஆய்வக உதவியாளரிடம் இருக்கும். அவரைக் கேட்காமல் ஒரு பென்டிரைவைச் செருகினாலும் பிரச்சினை அந்த மாணவர்கள் தலையில்தான் விழும். பெயரளவில் அரசியல் இல்லாத குழு என்றால் துறைத் தலைவரிடம் கடிதம் கொடுத்து ஆய்வகத்தைக் கேட்கலாம். மற்றவர்களுக்கு நூலக அரங்கு, தொழிற்சங்க அலுவலகம், தெரிந்தவர் டியூஷன் சென்டர் மாடி இவையே போதும். மின்விசிறியும் நாலைந்து பிளக் பாயின்டும் இருந்தால் சரி.

ஆள் இருபதைத் தாண்டக் கூடாது. உங்களுடன் இன்னும் இரண்டு தன்னார்வலர்கள் வேண்டும், அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருப்பது நல்லது. மாணவிகள் தங்கள் மடிக்கணினியையோ கைபேசியையோ தெரியாத ஆணிடம் கொடுக்கத் தயங்குவார்கள், அந்தத் தயக்கம் நியாயமானது. நேரம் சனிக்கிழமை காலை பத்திலிருந்து ஒன்று வரை. மாலையில் வைத்தால் விடுதி மாணவிகளும் பேருந்தில் ஊருக்குப் போகிறவர்களும் பாதியில் எழுந்துவிடுவார்கள்.

3. பையில் இருக்க வேண்டியவை

இணையம் இருக்காது என்று வைத்துக்கொண்டே கிளம்புங்கள். "ஹாட்ஸ்பாட் போட்டுக்கலாம்" என்று நம்பிப் போய், முந்நூறு எம்பி கோப்பு இறங்கும் வரை இருபது பேரை உட்கார வைத்த தன்னார்வலர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கூட்டம் அத்துடன் கலைந்துவிடும்.

லிப்ரே ஆஃபீஸ் (ஆவணம், கணக்கு), இங்க்ஸ்கேப் (போஸ்டர் வரைய), ஜிம்ப் (படம் திருத்த), ஃபயர்ஃபாக்ஸ் (இணைய உலாவி), விஎல்சி (காணொளி பார்க்க) ஆகியவற்றின் விண்டோஸ் நிறுவல் கோப்புகளை ஒரு பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆம், விண்டோஸுக்கானவைதான். முதல் நாளில் யாருடைய இயங்குதளத்தையும் தொடப் போவதில்லை. அப்புறம் கட்டற்ற உரிமத்தில் வந்த தமிழ் எழுத்துருக்கள்: நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரான், மீரா இனிமை, முக்தா மலர். இவற்றை நகலெடுத்துக் கொடுக்கவும் அச்சில் பயன்படுத்தவும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் போட்ட 16 ஜிபி பென்டிரைவ் இரண்டு தனியாக இருக்கட்டும். வென்டாய் என்ற கருவியைப் போட்டுவிட்டால் ஒரே பென்டிரைவில் இரண்டு மூன்று ஐஎஸ்ஓ கோப்புகளை (ஒரு இயங்குதளம் முழுவதும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) அப்படியே நகலெடுத்துப் போடலாம். இறக்கிய ஐஎஸ்ஓவின் எஸ்எச்ஏ256 எண் (கோப்பு சிதையாமல் இறங்கியதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) சரியாக இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். பாதியில் அறுந்துபோன கோப்பு கூட்டத்தில் வைத்துத்தான் உங்களைக் கைவிடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று, புரொஜெக்டருக்கு எச்டிஎம்ஐ-விஜிஏ மாற்றி ஒன்று, பழைய மடிக்கணினிகளுக்கு யுஎஸ்பி மவுஸ் இரண்டு.

4. முதல் அரை மணி நேரம்: அவர்களுடைய துண்டறிக்கை

வணக்கம் சொல்லி, பெயர் கேட்டுவிட்டு, நேராக வேலைக்குள் போங்கள். ஒரு கூட்டத்தில் நடந்ததை அப்படியே சொல்கிறேன். மற்ற இடங்களிலும் ஏறக்குறைய இப்படித்தான் நடக்கும்.

தேர்வுக் கட்டண உயர்வை எதிர்த்துப் போட்ட பழைய துண்டறிக்கையின் கோப்பைத் தமிழ் இலக்கியம் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் கொண்டுவந்தார். டிடிபி கடையில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் (ஆங்கில எழுத்துக் குறிகளின் மேல் தமிழ் வடிவத்தைக் காட்டுவது) தட்டச்சு செய்தது. என் மடிக்கணினியில் திறந்தால் திரை முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். "இது எங்க நோட்டீஸ்தானா?" என்றார். ஆமாம், இதுதான். "சரி, இதில் கட்டணம் என்ற சொல்லைத் தேடிப் பாருங்க" என்றேன். தேடினார். இல்லை என்றது கணினி. கட்டணத்தைப் பற்றியே எழுதிய அறிக்கையில் அந்தச் சொல் ஓரிடத்தில்கூட இல்லை.

அடுத்து, முதல் பத்தியை மட்டும் லிப்ரே ஆஃபீஸில் ஒருங்குறியில் (யூனிகோட், எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) தட்டச்சு செய்யச் சொன்னேன். விண்டோஸ் 10-இன் 2019-க்குப் பிந்தைய பதிப்புகளில் தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது, மொழி அமைப்பில் சேர்த்தால் போதும். ஏழெட்டு நிமிடம் ஆயிற்று. அந்தக் கோப்பைத் தோழியின் கைபேசிக்கு அனுப்பினார், அப்படியே தமிழில் திறந்தது. மறுபடி தேடினார். "கட்டணம்" மூன்று இடங்களில் மஞ்சள் நிறத்தில் வந்து நின்றது. அந்த அறையில் அதுவரை கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த நாலு பேர் நிமிர்ந்தது அப்போதுதான்.

இந்த இடத்தில் நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: இது ஒருங்குறியின் வேலை, விண்டோஸிலும் நடக்கும். எழுத்துக்கும் கோப்புக்கும் பொதுவான தரம் ஏன் வேண்டும் என்பதற்காகத்தான் இதைக் காட்டினேன் என்று சொல்லுங்கள். இதிலிருந்து மென்பொருளுக்குப் போக ஒரே ஒரு கேள்வி போதும்: "பேஜ்மேக்கரை அதன் நிறுவனமே கைவிட்டுவிட்டால் அந்த டிடிபி கடையின் பேஜ்மேக்கர் கோப்பை யார் திறப்பார்கள்?" அடோபி நிறுவனத்தின் பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரின் 7.0 பதிப்பு வந்தது 2001-இல். அதன் பிறகு பெரிய பதிப்பு எதுவும் வரவில்லை. நம் ஊர்க் கடைகளில் அதன்பின்னும் பல ஆண்டுகள் அதுவே ஓடியது. மூலநிரல் (மென்பொருளை எழுதிய நிரல் வரிகள்) அந்த நிறுவனத்திடம் மட்டும் இருப்பதால் வேறு யாரும் அதைத் தொடர முடியாது.

லிப்ரே ஆஃபீஸில் ஒரு சிறு அமைப்பை முதலிலேயே செய்துவிடுங்கள். டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லாங்குவேஜஸ் பகுதிக்குப் போய் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் பெட்டியில் டிக் வைத்துத் தமிழைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் தமிழுக்கென்று இயல்பான எழுத்துருவைத் தனியாக வைக்க முடியாது, ஒவ்வொரு பத்தியாக மாற்றிக்கொண்டிருப்பார்கள். "இதுல தமிழ் சரியா வராது" என்ற பேர் பாதி இந்த ஒரு டிக்கினால்தான் வருகிறது.

அச்சகத்துக்குக் கொடுக்கும்போது பிடிஎஃப் ஆகக் கொடுக்கச் சொல்லுங்கள். போஸ்டரை இங்க்ஸ்கேப்பில் செய்திருந்தால், எழுத்துகளை வடிவங்களாக மாற்றிய ஒரு தனி நகலையும் வைத்துக்கொள்ள வேண்டும். அச்சகத்தில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் எழுத்து கலையாது. ஒற்றைக் கறுப்பு நோட்டீஸுக்கு இது போதும். பல வண்ணப் போஸ்டர் என்றால் அச்சகத்தார் சிஎம்ஒய்கே (அச்சுக்கான நான்கு வண்ண முறை) கேட்பார்கள், அதற்கு ஸ்க்ரைபஸ் 1.6 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் வழியாகப் போவது நல்லது. அதைவிடப் பழைய 1.4 வரிசைப் பதிப்புகளில் தமிழ் எழுத்துகள் சரியாகக் கோத்து வராது, ஆகவே பதிப்பு எண்ணைப் பார்த்து நிறுவுங்கள்.

5. இப்போது கொள்கை, அதுவும் இருபது நிமிடம்

கை வேலை முடிந்த சூட்டோடு நான்கு சுதந்திரங்களைச் சொல்லுங்கள். எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம். மூலநிரலைப் படிக்கலாம், மாற்றலாம். நகலைப் பிறருக்குக் கொடுக்கலாம். மாற்றியதையும் கொடுக்கலாம். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் குனு என்ற கட்டற்ற இயங்குதளத் திட்டத்தை அறிவித்தார், இந்தச் சுதந்திரங்களைக் காக்கும் ஜிபிஎல் உரிமம் 1989-இல் வந்தது. வரலாற்றுக்கு இந்த இரண்டு வரி போதும்.

"ஃப்ரீ" என்றதும் இலவசம் என்று எடுத்துக்கொள்ளும் குழப்பம் ஆங்கிலத்தில் உண்டு. தமிழில் கட்டற்ற என்ற சொல் அதைத் தவிர்த்துவிடுகிறது. அதனால் "ஃப்ரீ சாஃப்ட்வேர்" என்று நீங்களே ஆரம்பித்து வைக்காதீர்கள். ஆரம்பித்தால் அடுத்த பத்து நிமிடம் இலவசம் இல்லை, இலவசம் இல்லை என்று விளக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

விளக்குவதற்கு எனக்கு நன்றாக உதவுவது நாட்டுடைமை. பாரதியின் எழுத்துகளுக்கான உரிமையை 1949-இல் அரசு வாங்கியது, பிறகு அது மக்களுக்கு உரியதாயிற்று. அதனால்தான் இன்று எந்தப் பதிப்பகமும் அவர் கவிதைகளை அச்சிடலாம். இதை எல்லோரும் அறிவார்கள். இங்கிருந்து ஒரு படி மேலே போங்கள்: நாட்டுடைமையான நூலை ஒருவர் எடுத்துத் தன் உரையைச் சேர்த்து, அந்த உரையைப் பூட்டி வைத்துக்கொள்ளலாம். ஜிபிஎல் உரிமத்தில் அப்படி முடியாது. மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்கிறவர், தனக்குக் கிடைத்த அதே உரிமைகளை அவர்களுக்கும் கொடுத்தாக வேண்டும். இதைச் சொன்னதும் சட்டம் படிக்கும் மாணவர்களின் முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

இன்னொரு கதை லிப்ரே ஆஃபீஸுடையது. ஓப்பன் ஆஃபீஸை வைத்திருந்த சன் நிறுவனத்தை ஆரக்கிள் 2010-இல் வாங்கியது. அதன் போக்கு பிடிக்காத நிரலாளர்கள் பலர் அதே ஆண்டு செப்டம்பரில் வெளியேறி, தனி அறக்கட்டளை அமைத்து, அதே மூலநிரலிலிருந்து லிப்ரே ஆஃபீஸைத் தொடங்கினார்கள். உரிமம் இடம் கொடுத்ததால், வெளியேறியவர்கள் தாங்கள் வேலை பார்த்த இயந்திரத்தையும் கையோடு எடுத்துப்போக முடிந்தது. தொழிற்சங்கம் பற்றிப் படிக்கும் மாணவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். சற்றுமுன் நோட்டீஸ் அடித்ததும் அதே மென்பொருளில்தான்.

6. வரப்போகும் கேள்விகளுக்குத் தயாராக இருங்கள்

மற்ற மாணவர்கள் "இதில் வேலை கிடைக்குமா" என்று கேட்பார்கள். இவர்கள் வேறு மாதிரி கேட்பார்கள். பூசி மெழுகினால் உடனே பிடித்துவிடுவார்கள்.

"கிராக் வெர்ஷன் சும்மாவே கிடைக்குதே, கார்ப்பரேட் கிட்ட காசு கொடுக்காம இருக்கறதும் எதிர்ப்புதானே?" இது எல்லாக் கூட்டத்திலும் வரும். கிராக் போட்டால் பயன்படுத்த முடியும், மற்ற மூன்று சுதந்திரங்களும் வராது. உங்கள் கோப்பு அந்த நிறுவனத்தின் வடிவத்திலேயே கிடக்கும், உங்கள் கை அந்த மென்பொருளுக்கே பழகும். நாளைக்கு வேலைக்குப் போகும் இடத்தில் அதையே கேட்பீர்கள். அந்த நிறுவனத்துக்கு ஒரு வாடிக்கையாளரைத் தயார் செய்து கொடுத்த மாதிரி ஆகிறது. கிராக் கோப்புகளில் ஒட்டிவரும் தீநிரல்களைப் பற்றியும் ஒரு வரி சொல்லுங்கள். ஆனால் திருட்டு, குற்றம் என்று பேசாதீர்கள். அப்படிப் பேசினால் நீங்கள் நிறுவனத்தின் ஆளாகிவிடுவீர்கள்.

"பெரிய கம்பெனிகள் எல்லாம் லினக்ஸை வெச்சுத்தானே சம்பாதிக்கறாங்க? இது இலவச உழைப்புச் சுரண்டல் இல்லையா?" நல்ல கேள்வி, பாதி உண்மையும்கூட. பெரிய நிறுவனங்களின் சர்வர்கள் லினக்ஸில்தான் ஓடுகின்றன. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்கு எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் இப்போது ஏதாவது ஒரு நிறுவனத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டுதான் எழுதுகிறார்கள். ஆனால் முக்கியமான சிறு மென்பொருள்கள் பலவற்றை ஓரிருவர் சம்பளமில்லாமல் சுமந்துகொண்டிருக்கிறார்கள் என்பதும் உண்மை. மாற்றிய நிரலைத் தன் சர்வரிலேயே வைத்துக்கொண்டு சேவையாக மட்டும் விற்கும் நிறுவனத்தை ஜிபிஎல் தடுக்காது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் ஏஜிபிஎல் என்ற உரிமம் வந்தது. இவ்வளவையும் ஒப்புக்கொண்டு சொல்லுங்கள். உரிமம் ஏகபோகத்தின் ஒரு வழியை அடைக்கிறது, உழைப்புக்கான கூலிப் பிரச்சினையைத் தீர்ப்பதில்லை. இதை ஒத்துக்கொண்டபோதெல்லாம் விவாதம் ஆழமாகத்தான் போயிருக்கிறது.

"நாங்க எதிர்க்கறவங்களும் இதையே பயன்படுத்தலாமா?" பயன்படுத்தலாம். எந்த நோக்கத்துக்கும் என்றால் எந்த நோக்கத்துக்கும்தான். காவல்துறைக்கும் உண்டு, எதிர்க்கட்சிக்கும் உண்டு. இன்னார் பயன்படுத்தக் கூடாது என்று உரிமத்தில் எழுதினால், நாளை வேறொருவர் உங்களை அந்தப் பட்டியலில் சேர்க்கலாம். பேச்சுரிமை பற்றி அவர்களே சொல்லும் வாதம்தான் இது, அவர்கள் வாயாலேயே வரவிடுங்கள்.

"அரசு எங்காவது செய்திருக்கா?" கேரளப் பள்ளிகளைச் சொல்லுங்கள். அங்கே பள்ளிகளில் கணினிக் கல்விக்கான ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் 2000-களின் நடுவில் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது, அதற்கு ஆசிரியர் சங்கங்கள் கொடுத்த அழுத்தமும் ஒரு காரணம். தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய அரசு மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு இந்தியாவில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். "உங்க வீட்டு லேப்டாப்ல பாஸ் லினக்ஸைத் திறந்து பார்த்தவங்க யாரு?" என்று கேட்டால் ஒரு கை எழும், சில நேரம் அதுவும் எழாது. மென்பொருளைக் கொடுத்தால் மட்டும் போதாது, கற்றுத்தர ஆள் வேண்டும் என்பது அந்த ஒரு கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

பதில் தெரியாத கேள்வி வந்தால் குறித்துக்கொண்டு, அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள்.

7. உறுப்பினர் பட்டியலும் பாதுகாப்பும்: அளந்து பேசுங்கள்

போராட்டத்துக்கு வருபவர்களின் பெயர், எண், துறை, சில நேரம் சாதிகூட, ஒரு இணையப் படிவத்தில் நிரப்பப்பட்டிருக்கும். அந்தப் படிவம் மூன்று வருடம் முன்பு படித்து முடித்துப்போன ஒருவரின் தனிக் கணக்கில் இருக்கும். இணைப்பு வைத்திருக்கும் யாரும் திறக்கலாம் என்ற அமைப்பில் இருந்ததையும் பார்த்திருக்கிறேன். இதைக் கண்டால் அங்கேயே உட்கார்ந்து சரிசெய்யுங்கள். முதலில் தேவையில்லாத நெடுவரிசைகளை அழித்துவிடுங்கள். சேகரிக்காத தகவல் கசியாது. மீதியை லிப்ரே ஆஃபீஸ் கால்க் கோப்பில் போட்டு, கடவுச்சொல் வைத்து, இரண்டு பொறுப்பாளர்களிடம் வைக்கச் சொல்லுங்கள். பழைய படிவத்தை அந்த அண்ணனைப் பிடித்து அழிக்க வேண்டும், இதற்கு ஒரு வாரம்கூட ஆகும்.

செய்தி அனுப்ப சிக்னல், காணொளிக் கூட்டத்துக்கு ஜிட்சி. ஆனால் "இதைப் போட்டா யாரும் கண்டுபிடிக்க முடியாது" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். சிக்னல் செய்தி போகும் வழியில் மறைகுறியில் போகிறது, அது உண்மை. குழுவில் இருக்கும் இருநூறு பேரில் ஒருவர் திரையைப் படம் பிடித்தால் எதுவும் செய்ய முடியாது. பூட்டாத கைபேசி பிறர் கைக்குப் போனாலும் அப்படியே. நீங்கள் கொடுக்கும் தவறான தைரியத்துக்கு விலை கொடுப்பது அந்தப் பிள்ளைகள். கைபேசிக்கு ஆறு இலக்கப் பூட்டு, குழுவில் தானாக அழியும் செய்தி, இரண்டையும் அங்கேயே செய்ய வைத்துவிட்டு நகருங்கள்.

8. கைபேசி மட்டும் உள்ளவர்களை விட்டுவிடாதீர்கள்

மடிக்கணினி உள்ள ஆறு பேரைச் சுற்றியே கூட்டம் நடந்தால் மீதிப் பேர் பார்வையாளர்கள் ஆகிவிடுவார்கள். அந்த மீதிப் பேரில்தான் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் அதிகம்.

ஆண்ட்ராய்டில் எஃப்-டிராய்டு என்ற செயலிக்கடையை நிறுவிக் காட்டுங்கள், அதில் இருப்பவை எல்லாம் கட்டற்ற மென்பொருள்கள். கேரளத்தின் சுவதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழு உருவாக்கிய இண்டிக் கீபோர்டு அதில் கிடைக்கிறது, தமிழும் உண்டு. இவர்களுக்கு நான் கொடுக்கும் உண்மையான வேலை வரைபடம். யாரும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் விவரம் சேர்க்க உதவும் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் செயலியை வைத்துக்கொண்டு கல்லூரியைச் சுற்றி அரை மணி நேரம் நடந்து, பேருந்து நிறுத்தத்தில் கூரை இருக்கிறதா, தெருவிளக்கு இருக்கிறதா என்று குறிக்கச் சொல்வேன். 2015 சென்னை வெள்ளத்தில் நீர் நின்ற தெருக்களை மக்கள் குறித்தது இந்த வரைபடத்தின் மேல்தான். நடந்துவிட்டுத் திரும்பும்போது அவர்கள் கையில் ஒரு கோரிக்கை மனுவுக்கான விவரம் இருக்கும்.

9. இயங்குதளம் கடைசியில், தனி நாளில்

முதல் கூட்டத்திலேயே லினக்ஸ் நிறுவித் தருவதுதான் புதிய தன்னார்வலர்களின் மிகப் பெரிய பிழை. ஒருவருடைய புராஜெக்ட் கோப்பு அழிந்தால் அந்தக் கல்லூரியில் அடுத்த மூன்று வருடத்துக்கு யாரும் கட்டற்ற மென்பொருள் பக்கம் வரமாட்டார்கள்.

குறைந்தது மூன்று வாரம் கழித்து, விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும் ஒரு நிறுவல் நாள் வையுங்கள். வரிசை இதுதான்:

முதலில் நகல். முக்கியக் கோப்புகளை வெளி வட்டில் எடுத்து, அதை வேறொரு கணினியில் செருகி இரண்டு கோப்புகளைத் திறந்து பார்க்க வேண்டும். "எடுத்துட்டேன் அண்ணா" என்பதை மட்டும் நம்பாதீர்கள்.

அடுத்தது பிட்லாக்கர் என்ற விண்டோஸின் வட்டுப் பூட்டு. புதிய விண்டோஸ் மடிக்கணினிகளில் வட்டு தானாகவே பூட்டப்பட்டிருக்கலாம். துவக்க அமைப்பில் கை வைத்தால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நிற்கும். அந்த எண் உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அதை எடுத்துக் காகிதத்தில் எழுதிக்கொண்ட பிறகே அடுத்த அடி. கணக்கின் கடவுச்சொல் மறந்துபோனவருக்கு அன்று நிறுவாதீர்கள்.

மூன்றாவது, விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை (வேகமாகத் துவங்குவதற்காக முழுதாக அணையாமல் வைக்கும் வசதி) நிறுத்திவிட்டு முழுமையாக அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் லினக்ஸிலிருந்து விண்டோஸ் பகுதியைப் படிக்கத்தான் முடியும், எழுத முடியாது.

நான்காவது, பென்டிரைவிலிருந்தே நேரலையாக லினக்ஸ் மின்ட்டை ஓட்டிப் பார்ப்பது. எஃப்12, எஃப்2, எஸ்கேப் என்று கணினிக்குக் கணினி துவக்க விசை மாறும். வைஃபை, ஒலி, கேமரா, பிரகாசம் கூட்டிக் குறைப்பது, நான்கையும் சரிபார்த்துவிடுங்கள். இவற்றில் ஒன்று வேலை செய்யாவிட்டால் அதை உரிமையாளரிடம் சொல்லி, நிறுவுவதா என்று அவரையே முடிவெடுக்க விடுங்கள்.

அதன் பிறகுதான் விண்டோஸுக்குள்ளிருந்தே வட்டைச் சுருக்கி, இடம் ஒதுக்கி, இரண்டும் இருக்கும்படி நிறுவுவது. லினக்ஸ் மின்ட்டுக்குக் குறைந்தது 2 ஜிபி ராமும் 20 ஜிபி வட்டும் வேண்டும். 4 ஜிபியும் 100 ஜிபியும் இருந்தால் நிம்மதி. பழைய அரசு மடிக்கணினிக்கு எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு பொருத்தம். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு நின்றுவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினி வைத்திருப்பவர்கள்தான் இந்த நாளுக்கு முதலில் வருவார்கள்.

நிறுவி முடித்ததும் அங்கேயே ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி வழியாகத் தமிழ்99-ஐ அமைத்து, அவரையே ஒரு பத்தி தட்டச்சு செய்ய வைத்துவிட்டு அனுப்புங்கள். வீட்டுக்குப் போய்த் தமிழ் வராவிட்டால் அன்று இரவே விண்டோஸுக்குத் திரும்பிவிடுவார்.

10. ஒப்படைத்துவிட்டு வாருங்கள்

இரண்டு பேரைப் பொறுப்பாக்குங்கள். ஆர்வமாக முன்வருபவர்கள் பெரும்பாலும் இறுதியாண்டு மாணவர்களாக இருப்பார்கள், ஏப்ரலில் போய்விடுவார்கள். ஆகவே ஒருவராவது இரண்டாம் ஆண்டாக இருக்கட்டும். சந்தேகம் வந்தால் உங்களிடம் வருமுன் இந்த இருவரிடம்தான் கேட்க வேண்டும் என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லுங்கள். முதல் மாதம் அவர்களுக்குத் தொலைபேசியில் துணை நில்லுங்கள். கணினியில் கை வைத்துச் சரிசெய்வது அவர்களாகவே இருக்கட்டும்.

அவர்களுக்கு ஒரு தொடர் வேலையும் வேண்டும். விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில் மெய்ப்பு பார்ப்பது, லிப்ரே ஆஃபீஸ் பட்டிகளைத் தமிழாக்குவது, குழுவின் பழைய துண்டறிக்கைகளை ஒருங்குறிக்கு மாற்றுவது என்று எதுவானாலும் சரி. கடைசியில் சொன்னதுதான் நன்றாக ஓடுகிறது, சொந்த வரலாறு என்பதால். பைத்தான் தெரிந்த மாணவர் இருந்தால் ஓப்பன் தமிழ் நிரலகத்தில் பாமினியிலிருந்து மாற்றும் வசதி இருப்பதைக் காட்டுங்கள். மாற்றியதை ஒருவர் கண்ணால் படித்துத் திருத்தவும் வேண்டும்.

அவர்கள் வெளியிடும் இதழுக்கோ அறிக்கைக்கோ கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் (பிறர் எடுத்துப் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தருவது) வைப்பதைப் பற்றி இந்தக் கட்டத்தில் பேசலாம். முதல் கூட்டத்தில் பேசினால் ஏட்டுச் சுரைக்காய். சொந்தமாக ஒன்றை எழுதி அச்சடித்த பிறகு, "இதை வேற காலேஜ்காரங்க எடுத்துப் போட்டுக்கலாமா?" என்று அவர்களே கேட்பார்கள்.

கிளம்பும்போது நிறுவல் கோப்புகளும் எழுத்துருக்களும் உள்ள ஒரு பென்டிரைவை அந்த இருவரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். அதில் யார் யாருக்கு நகலெடுத்துக் கொடுத்தார்கள் என்று ஒரு சின்னக் குறிப்பேட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை போகும்போது முதலில் அந்தக் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.